உத்தியோகமும் உயர்ச்சியும்: ஈழத்துப் புனைகதையில் ‘முன்னேற்றம்’ என்னும் கருத்து

‘கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும்’ என்பது யாழ்ப்பாணத்தில் வழங்கிவந்த பழமொழி. அரசாங்கத்தைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல் நாட்டார் வாயில் திரிந்தமைந்ததே ‘கோறணமேந்து’. இப்பழமொழியை நாம் பெரும்பாலும் நகைச்சுவையாகவே கொள்கிறோம். சற்று நிதானித்து நோக்கின், செய்யும் தொழில் யாது என்பது அங்குப் பொருட்டன்று, யாரிடம் சம்பளம் பெறுகிறோம் என்பதே பொருட்டு என்பது புலனாகும். கோழி மேய்த்தல் இழிந்த வேலை என்பது விவாதத்துக்கு இடமின்றி ஒப்புக்கொள்ளப்படுகிறது; அவ்விழிவைத் துடைக்கும் ஆற்றல் அரசாங்கச் சம்பளத்துக்கு உண்டென்பதும் உடன் ஒப்புக்கொள்ளப்படுகிறது. உழைப்பு மதிப்பிழந்து உத்தியோகம் மதிப்புப் பெற்றதொரு சமூக வரலாறு அச்சிறு வாக்கியத்துள் அடங்கியிருக்கிறது எனலாம்.

இவ்வாறான சமூகமொன்று ‘முன்னுக்கு வருதல்’, ‘நல்லாய் வருதல்’, ‘ஆளாதல்’ முதலிய தொடர்களால் எதனைக் குறித்தது என்பதும், அதனை நமது புனைகதை எவ்வாறு எதிர்கொண்டது என்பதும் நம் கவனத்துக்குரியன. இறுதியிற் கூறிய தொடர் தனியே குறிப்பிடத்தக்கது. படித்து உத்தியோகம் பெற்ற மகனைப் பெற்றோர் ‘ஆளாக்கிவிட்டோம்’ என்பர். அங்ஙனமாயின் ஆளாகாதோர் யாவர்? தோட்டம் கொத்துபவனும் கள்ளிறக்குபவனும் துணி வெளுப்பவளும் இன்னும் ‘ஆட்கள்’ அல்லர் என்பதே அதன் மறுபக்கம். மொழி நாம் நினைப்பதைவிட நேர்மையானது.

சமூகவியலாளர் இப்பொருளைச் ‘சமூக அசைவு’ என்ற தலைப்பின்கீழ் ஆராய்வர். ரஷ்யாவிலிருந்து அமெரிக்காவுக்குப் பெயர்ந்த பிதிரிம் சொரோக்கின் 1927இல் அப்பெயரிலேயே நூலொன்றை வெளியிட்ட காலந்தொட்டு, தனிமனிதர் மேலும் கீழுமாக அசைவதை அளத்தல் அத்துறையின் முக்கிய பணியாக இருந்துவருகிறது. அளவைகள் நுட்பமானவை என்பதில் ஐயமில்லை. ஆயின், தட்டுகள் எவ்வாறு தோன்றின, எவருடைய உழைப்பின்மீது நிற்கின்றன என்னும் வினா அங்குப் பின்தள்ளப்படுகிறது. நிரம்பிய பஸ் ஒன்றில் இடம் மாறி அமர்வோரைக் கணக்கிட்டுக்கொண்டிருப்பதால் பஸ் எத்திசையிற் செல்கிறது என்பது தெரியவராது.

மார்க்ஸ் இதனை வேறொரு கோணத்தில் அணுகினார். ‘மூலதனம்’ மூன்றாம் தொகுதியில் கடன்முறை பற்றி ஆராயுமிடத்து, கையில் முதலில்லாத திறமையாளன் ஒருவன் கடன்பெற்று முதலாளியாக உயர்வதைப் பொருளியல் வக்கீல்கள் பெரிதும் மெச்சுவதை அவர் சுட்டுகிறார். அவ்வுயர்வு முதலின் ஆட்சியைத் தளர்த்துவதில்லை, உறுதிப்படுத்துகிறது என்பது அவர் வாதம். மத்தியகாலக் கத்தோலிக்கத் திருச்சபை குலமும் செல்வமும் பாராது மக்களிடையேயிருந்த சிறந்த மூளைகளைத் தன் அதிகார அடுக்கினுள் சேர்த்துக்கொண்டமையே அதன் ஆட்சி நிலைத்தமைக்கு ஒரு காரணம் என்றும், ஆளப்படும் வர்க்கத்தின் தலைசிறந்தோரைத் தன்பால் ஈர்க்கவல்ல ஆளும் வர்க்கத்தின் ஆட்சியே மிக உறுதியானதும் ஆபத்தானதும் என்றும் அவர் கருதினார். சமூக அசைவு பற்றிப் பின்னாளில் எழுதப்பட்ட பல நூல்களிலும் காணப்படாத தெளிவு இதிலுண்டு. எனினும் இதனை யாழ்ப்பாணச் சமூகத்துக்கு அப்படியே பொருத்துவதில் ஓர் இடர்ப்பாடு உளது. அங்குத் ‘தலைசிறந்தோர்’ குலம் பாராது ஈர்க்கப்படவில்லை. ஈர்ப்பதற்கு முன்னரே குலம் பார்க்கப்பட்டது.

இதனை விளங்கிக்கொள்ளச் சிறிது வரலாறு வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாடு நதியற்றது; கிணற்றுநீரை நம்பிய நிலம். புகையிலைச் செய்கையும் திருவிதாங்கூருடனான அதன் வணிகமும் சிலருக்குப் பொருளீட்டித் தந்தன எனினும், காணி தலைமுறைதோறும் துண்டாடப்பட்டே வந்தது. இந்நிலையில் 1816இல் வந்திறங்கிய அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியை நிறுவினர். அவர்கள் எதிர்பார்த்தது விசுவாசிகளை. பெருமளவிற் கிடைத்தது இலிகிதர்களை. (1855இல் அச்செமினரி மூடப்பட்டமைக்கு, மாணவர் வேதத்தைவிட உத்தியோகத்தையே நாடினர் என்ற மனக்குறையும் ஒரு காரணம்.) ஆங்கிலங் கற்ற வாலிபர் கொழும்புக் கந்தோர்களுக்கும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மலாயாவின் றெயில்வே, அரசாங்கப் பகுதிகளுக்கும் சென்றனர். ஊருக்கு மாதாமாதம் காசுக்கட்டளை வந்தது. ‘காசுக்கட்டளைப் பொருளாதாரம்’ என இதனைக் கூறுவது வழக்கமாயிற்று.

இப்பணம் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதே நமக்கு முக்கியம். ஒல்லாந்தர் ஆட்சியில் 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமைச் சட்டம் சொத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என மூவகைப்படுத்தியது. உத்தியோகத்தனுடைய சம்பளமும், அதன்பின் வரும் பென்சனும், அவன் இறந்தபின் மனைவிக்கு வரும் விதவைகள் அநாதைகள் ஓய்வூதியமும் கலியாணச் சந்தையில் விலைமதிக்கப்பட்டுச் சீதனமாக மாறின. வீடும் வளவும் வயலும் நகையும் அவன் கைக்கு வந்தன. படிப்பு காணியாயிற்று. அக்காணியிற் பாடுபட்டவனுக்கோ காணி கைமாறியது மட்டுமே தெரியும். அந்தக் கலியாண வீட்டிலேயே கட்டாடியார் வெள்ளை கட்டவேண்டியிருந்தது. ஏனைய குடிமைச் சாதியினர் தத்தம் ஊழியத்தைச் செய்யவேண்டியிருந்தது. 1844இல் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டபோதும் குடிமை ஒழிக்கப்படவில்லை. எனவே ஒருவனுடைய உயர்ச்சி, அதனைக் கொண்டாடும் சடங்கிலேயே, பிறர் தத்தம் இடத்தில் நிற்பதை வேண்டி நின்றது. இவ்விரண்டையும் தனித்தனிச் செய்திகளாக நோக்குவதே நமது சமூக வரலாற்றெழுத்திற் காணப்படும் பெருங்குறை.

அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக அமரவேண்டும் என்ற விதி நடைமுறைப்படுத்தப்பட்ட 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் குடாநாட்டிற் சில பாடசாலைகள் தீக்கிரையாயின. ஒரு வாங்குக்காக ஒரு பாடசாலையையே எரிப்பதா என இன்று வியக்கத் தோன்றும். எரித்தவர்கள் தம் நலனை நன்கு அறிந்தேயிருந்தனர். கல்வி உயர்ச்சி தருவது, அது சிலரிடம் மட்டும் இருக்கும்வரைதான். நிலத்தில் இருந்து படித்தவனும் வாங்கில் இருந்து படித்தால் வாங்குக்கு மதிப்பில்லை.

இனிப் புனைகதைக்கு வருவோம். 1925இல் இடைக்காடர் எழுதிய நாவலின் பெயர் ‘நீலகண்டன் ஓர் சாதி வேளாளன்’. அக்காலத்து நாவலொன்று தன் கதாநாயகனை வாசகருக்கு அறிமுகப்படுத்தப் பெயருக்கு அடுத்ததாக எதனை அவசியமெனக் கருதிற்று என்பதற்குத் தலைப்பே சான்று. பின்னர் சஞ்சிகைகள் பெருகிய காலத்தில் வேறொரு கதைவார்ப்பு உருவாயிற்று. ஏழைத் தாய், மா இடித்தும் பால் விற்றும் மகனைப் படிப்பிக்கிறாள், அவன் டாக்குத்தராகவோ எஞ்சினியராகவோ ஊர் திரும்புகிறான், ஒரு காலத்தில் இகழ்ந்தவர்கள் பெண் கொடுக்க முன்வருகிறார்கள். இத்தகைய கதைகள் தொகையாக வந்தன. நம் விமரிசகரிற் சிலர் இவற்றை ‘நம்பிக்கையூட்டும் முடிவு’ உடையன என்று பாராட்டவும் செய்தனர். அவமதித்தவர் வீட்டு மாப்பிள்ளையாவதை நீதியாகக் காட்டும் கதை, அவமதிப்பின் அளவுகோலை ஏற்றுக்கொண்ட கதை என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை. ஏழ்மையைச் சித்திரித்தால் முற்போக்கு, ஏழை வென்றால் இன்னும் முற்போக்கு என்பதே அவர்கள் கணக்கு.

வெற்றிபெற்ற மனிதனின் உள்வெறுமையைக் கூர்மையாக எழுதியவர் முற்போக்கு அணிக்கு வெளியே நின்றவர் என்பதையும் ஈண்டுக் கூறுதல் வேண்டும். முற்போக்கு அணியிலிருந்து பிரிந்து ‘நற்போக்கு’ப் பேசிய எஸ். பொன்னுத்துரையின் ‘சடங்கு’ கொழும்பிற் கந்தோர் வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்தான் ஒருவன் லீவில் மனைவியிடம் வந்து போகும் சில நாட்களைக் கூறுவது. அதிலுள்ள பாலியற் சித்திரிப்பே பெரிதும் பேசப்பட்டது, கண்டிக்கவும்பட்டது. ஆயின் அக்கதாநாயகன் யார்? ஊர் விரும்பிய யாவும் அவனிடம் உண்டு: அரசாங்க உத்தியோகம், மனைவி, பிள்ளைகள், சீதன வீடு. மனைவியோடு வாழ்தல் ஒன்றுதான் இல்லை. கொழும்பில் அறை வாடகையும் ஊரில் குடும்பச் செலவும் அவன் சம்பளத்தைப் பங்கிட்டுக்கொள்ள, வாழ்க்கை லீவு நாட்களாகச் சுருங்கிவிடுகிறது. ஆசிரியரின் இலக்கியக் கொள்கையோடு நாம் உடன்படுவதற்கில்லை. ஆனால் உத்தியோக இலட்சியம் ஒரு மனிதனிடமிருந்து எதனைப் பறித்தது என்பதை அந்நாவல் காட்டிய அளவுக்கு, நம் அணியினரின் எத்தனை ‘வர்க்க’க் கதைகள் காட்டின என்று கேட்டுப்பார்ப்பது நன்று.

வெற்றியின் உள்ளே வெறுமை என்பது ஒரு புறம். வெற்றியின் வாயிலில் என்ன நடக்கிறது என்பது மறு புறம். என். கே. ரகுநாதனின் ‘நிலவிலே பேசுவோம்’ இவ்வகையில் ஈழத்துச் சிறுகதையின் மைல்கற்களுள் ஒன்று. கதை மிகச் சிறியது. சீர்திருத்தம் பேசும் பெரிய மனிதர் ஒருவரை அவர் வீட்டிற் காண ஒடுக்கப்பட்ட சாதியினர் செல்கின்றனர். அவர் விரட்டவில்லை, ஏசவில்லை. உள்ளே வந்து இருக்கச் சொல்லவேண்டிய கட்டம் வரும்போது, நல்ல நிலவு, வெளியே சென்று பேசலாம் என அழைத்துச் செல்கிறார். அவ்வளவே. சாதிக் கொடுமை என்றாலே அடி, தீவைப்பு, கொலை எனக் காட்டிய கதைகளுக்கிடையில், மரியாதையையே கொடுமையின் வடிவமாகக் கண்டது இக்கதை. வந்தவர்கள் அந்நிலவின் அழகை மறுக்கவும் முடியாது. அதுதான் அந்த அழைப்பின் திறமை.

இக்கதையை நாம் சாதியெதிர்ப்புக் கதையாக மட்டுமே கற்பித்துவருகிறோம். அது சமூக அசைவு பற்றிய கதையுமாகும். பொதுமேடையில் சமமாகப் பேச உரிமை கிடைத்துவிட்டது. பெரிய மனிதரைத் தேடிச் சென்று கருத்துப் பரிமாறும் அளவுக்கு நிலைமை மாறிவிட்டது. அளவுகோல் கொண்டு அளப்பவர் இதனை ‘ஏற்றம்’ என்றே பதிவு செய்வர். படி தாண்ட முடியவில்லை என்பது அவருடைய அட்டவணையில் எந்தக் கட்டத்துள்ளும் வராது. வர்க்க நிலை ஓரளவு பெயரலாம், சாதி நிலை பெயராது நிற்கலாம் என்ற உண்மையை, அதாவது இரண்டும் ஒரே ஏணியின் படிகள் அல்ல என்பதை, நம் சமூகவியலாளர் விரிவாக எழுதுமுன்னரே ஒரு பாடசாலை ஆசிரியர் சிறுகதையாக எழுதிவிட்டார்.

அவ்வாறாயின் கல்வியும் உத்தியோகமும் வெறும் மாயை, குட்டி பூர்ஷ்வா மனோபாவத்தின் வெளிப்பாடு என ஒதுக்கிவிடலாமா? நம்மவருள் அவ்வாறு ஒதுக்கியோர் உளர். இவ்வொதுக்கலைப் பெரும்பாலும் செய்தவர்கள் தாமே பல்கலைக்கழகம் சென்று உத்தியோகம் பெற்ற மேற்சாதியினர் என்பது தற்செயலன்று. 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது, குடிமைத் தொழிலிற் பிறந்த பிள்ளைக்கு அது கொடுத்தது முதலில் உயர்ச்சியன்று, விடுவிப்பு. மாதச் சம்பளம் பெறும் ஆசிரியனின் தந்தை நயினார் வீட்டு முற்றத்துக்குப் போய் நெல்லுக்காக நிற்கவேண்டியதில்லை. அச்சம்பளம் எவ்வளவு சிறியதாயினும் அது எவருடைய தயவும் அன்று. உயர்ச்சி என்பது பிறரினும் மேலே நிற்றல். விடுவிப்பு என்பது பிறர் காலின்கீழ் நில்லாமை. ஒரே பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வேளாளக் குடும்பத்தில் முன்னதையும் ஒடுக்கப்பட்ட குடும்பத்தில் பின்னதையும் குறிக்கக்கூடும். இவ்வேறுபாட்டைக் காணாத மார்க்சியம் சூத்திரமே தவிர ஆய்வன்று.

ஆனால் இவ்விரண்டும் நடைமுறையில் எளிதில் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன என்பதே சிக்கல். விடுவிக்கப்பட்டவன் தன்னவரிடமிருந்தும் விலகிப்போக வேண்டும் என்பதை ஏணி நிபந்தனையாக விதிக்கிறது. பெயரை மாற்றி, ஊரை மாற்றி, பேச்சை மாற்றி, தாய் தந்தையரை விருந்தினர் கண்ணிற் படாது மறைத்து வாழ்வது அந்நிபந்தனையின் கூறு. 1960களின் முற்பகுதியில் முற்போக்கு எழுத்தாளர் மீது ‘இழிசனர் வழக்கு’ என்ற குற்றச்சாட்டு எழுந்தபோது, பேச்சுமொழியை எழுத்தில் ஏற்பதா என்பது மட்டும் அங்கு வினாவாக இருக்கவில்லை. எழுத்தாளனாக ‘முன்னுக்கு வந்த’ ஒருவன் தன் தாயின் பேச்சை வாசலுக்கு வெளியே விட்டுவிட்டு வரவேண்டும் என்ற எதிர்பார்ப்பும் இருந்தது. மரபு பேசிய பண்டிதர்கள் இதனை அப்பட்டமாகவே சொன்னார்கள். அந்த வகையில் அவர்களுக்கு நன்றி கூறவேண்டும்.

கே. டானியல் இச்சிக்கலை நன்கறிந்தவர். 1972இல் வெளிவந்த ‘பஞ்சமர்’ நாவலில் படித்து உயரும் கதாநாயகன் எவனும் கதையைத் தாங்கி நிற்பதில்லை. வடிவம் கட்டுக்கோப்பற்றது, பாத்திரங்கள் மிகுதி, மையப்பாத்திரம் இல்லை என்று அந்நாவல் மீது குறை கூறப்பட்டதுண்டு. குறையில் ஓரளவு உண்மையிருக்கலாம். டானியல் செம்மை செய்யும் பொறுமையுடையவர் அல்லர். ஆயின் தனிமனித உயர்ச்சியைக் கதைச்சட்டகமாகக் கொள்ளும் நாவல் வடிவத்தை அவர் ஏற்கவில்லை என்பதும் உண்மை. அங்கு வெற்றி என்பது தேநீர்க்கடையில் மற்றவர் குடிக்கும் பேணியிற் குடிப்பது. கோயில் வாசலுக்குள் செல்வது. 1957ஆம் ஆண்டுச் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் இவ்வுரிமைகளைத் தாளில் வழங்கியிருந்தது. அவற்றைப் பெறுவதற்கு 1966 முதல் குடாநாட்டிற் போராட வேண்டியிருந்தது. 1968இல் மாவிட்டபுரத்திற் கோயில் வாசலில் நிற்க வேண்டியிருந்தது. இத்தகைய வெற்றிகளை எவரும் தனியே தமதாக்கிக்கொண்டு ஊரை விட்டுப் போக முடியாது. ஒருவர் குடித்தால் எல்லோரும் குடிக்கலாம். 1986இல் வெளிவந்த ‘கானல்’ நாவலில் வேறொரு வழி பரிசோதிக்கப்படுகிறது. மதம் மாறினால் சாதி போகும் என்ற நம்பிக்கையோடு வேதத்தில் சேர்ந்தவர்கள் அங்கும் சாதியைக் கண்டமை அதன் பொருள். ஏணியை மாற்றினாலும் அது சாத்திவைக்கப்பட்ட சுவர் ஒன்றே என்பதை அவர் விவரங்களாலேயே காட்டுகிறார்.

டொமினிக் ஜீவாவின் வாழ்க்கை பற்றி இவ்விடத்திற் சில சொல்லவேண்டும். ஏனெனில் ‘வெற்றி’ என்ற சொல் மிகத் தவறாகப் பயன்படுத்தப்படும் இடங்களுள் அதுவும் ஒன்று. 1927இற் பிறந்து 2021இல் மறைந்த அவர், சாதியைச் சுட்டிய ஆசிரியரின் இகழ்ச்சியைத் தாளாது இளமையிலேயே பாடசாலையை விட்டவர். ‘தண்ணீரும் கண்ணீரும்’ தொகுதி 1960இல் வெளிவந்து சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. 1966 ஆகஸ்டில் ‘மல்லிகை’யைத் தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார். ‘சாதாரண சவரத் தொழிலாளியாக இருந்து இலக்கிய உலகில் உயர்ந்தவர்’ என்று அவரைப் புகழ்வது மேடை மரபாகிவிட்டது. இவ்வாக்கியத்தின் இலக்கணத்தைச் சற்று நோக்குக. ‘இருந்து’ என்னும் எச்சம் ஒரு விலகலைக் குறிக்கிறது. ஜீவா விலகவில்லை. யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் இருந்த ஜோசப் சலூனே மல்லிகையின் முதற் காரியாலயமாகவும் இருந்தது. எழுத்தாளர் அங்கு வந்தனர். பேராசிரியர் அங்கு வந்தனர். முடிவெட்ட வந்தவரோடு சேர்ந்து காத்திருந்தனர். தெருவில் இறங்கி இதழைத் தம் கையாலேயே விற்றார். தொழிலை மறைத்து எழுத்தாளராகியிருப்பின் அது ஓர் உயர்ச்சி. சமூகம் அதனை மன்னித்து ஏற்றுக்கொண்டுமிருக்கும். தொழில் நிலையத்தையே இலக்கியம் வந்து கூடும் இடமாக்கியமை வேறொன்று. இங்கு அசைந்தது ஜீவா அல்லர். அவ்விடத்தை நோக்கி அசையவேண்டியிருந்தது மற்றவர்களே. சமூக அசைவு பற்றிய நூல்களில் இதற்குப் பெயரில்லை.

பெண்களைப் பொறுத்தவரை இவ்வரலாறு தனி ஆய்வுக்குரியது. உத்தியோகத்தன் ஆண் என்பது முடிந்த முடிபாக இருந்த காலத்தில் பெண்ணின் ‘உயர்ச்சி’ அவனை மணத்தலாகவே கருதப்பட்டது. மூத்த சகோதரனின் சம்பளம் தங்கைமாரின் சீதனத்தில் கரைவதும், அவன் நரை விழும்வரை காத்திருப்பதும் நமது சிறுகதைகளிற் சலிக்கும் அளவுக்கு வந்திருக்கின்றன. காத்திருந்த தங்கையின் பக்கத்திலிருந்து எழுதப்பட்டவை மிகச் சில. ஆசிரியத் தொழில் பெண்ணுக்குத் திறந்தபோதும், அவளுடைய சம்பளம் சீதனத்தின் ஒரு பகுதியாகவே கணக்கிடப்பட்டது.

1970களில் பல்கலைக்கழகப் பிரவேசத் தரப்படுத்தல் வந்தபோது உத்தியோக இலட்சியம் அரசியல் வடிவம் பெற்றது. 1971இல் மொழி அடிப்படையில் புள்ளிகள் வேறுபடுத்தப்பட்டமை அப்பட்டமான பாரபட்சம் என்பதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தபோது நிலைமை சிக்கலாயிற்று. யாழ்ப்பாணம் இழந்தவிடத்து மன்னார், வவுனியா போன்ற பின்தங்கிய தமிழ் மாவட்டங்கள் சிறு பயன் அடைந்தன. அக்காலத்து எதிர்ப்புக் குரல்களில் ‘திறமை’ என்ற சொல்லே மிகுதியும் ஒலித்தது. 1958இல் மைக்கேல் யங் என்ற ஆங்கிலச் சமூகவியலாளர் திறமையாட்சி என்ற கருத்தை அங்கதமாகவே நூலெழுதிக் கேலி செய்தார் என்பதும், பின்னர் உலகம் அக்கேலியை இலட்சியமாக ஏற்றுக்கொண்டது என்பதும் சுவையான செய்திகள். நம்மவர் அநீதியை எதிர்த்ததில் தவறில்லை. ஆனால் மருத்துவ, பொறியியற் பீடங்களின் சில நூறு இடங்கள் ஓர் இனத்தின் வாழ்வாகவே பேசப்பட்டபோது, அவ்விடங்களுக்கு விண்ணப்பிக்கும் நிலைக்கே வராத பெருந்தொகையினரின் குறை எந்தப் பட்டியலில் இருந்தது? தீவகத்தின் கடற்றொழிலாளியும் வன்னியின் குடியேற்றவாசியும் அப்போராட்டத்திற் பின்னர் உயிரையும் கொடுத்தனர் என்பதை நினைக்கும்போது இக்கேள்வி மேலும் கனக்கிறது.

1983க்குப் பின் கோறணமேந்தின் இடத்தை வெளிநாடு பிடித்துக்கொண்டது. காசுக்கட்டளை உண்டியலாயிற்று. கனடாவிலும் ஐரோப்பாவிலும் உணவகச் சமையலறைகளிலும் துப்புரவு வேலைகளிலும் இரவு பகலாக உழைத்தோரின் பணம் ஊரில் மாடி வீடாகவும் கோயிற் கோபுரமாகவும் எழுந்தது. கோழி மேய்த்தலை ஒத்த வேலை. ஆனால் மேய்ப்பது வெளிநாட்டில். பழமொழியின் தருக்கம் சிறிதும் மாறவில்லை. புலம்பெயர்ந்தோர் எழுத்து இதனை வெளிப்படையாக எழுதத் தொடங்கிய பின்னரே, ‘நல்லாய் வந்துவிட்டான்’ என்ற ஊர்ச்சொல்லின் மறுபக்கத்தில் உள்ள கைகளை வாசகர் கண்டனர். இன்று 2009க்குப் பின்னரும் ரியூசன் நிலையங்களின் மதில்களில் மாணவர் முகங்கள் இசட் புள்ளிகளோடு அச்சாகித் தொங்குகின்றன. பல்கலைக்கழகத்துக்கு வராத பெரும்பான்மையோரின் முகம் எம்மதிலிலும் இல்லை.

இதுவரை கூறியன யாவும் ஏணி ஒன்று இருந்த சமூகத்தைப் பற்றியன. ஏணியே வைக்கப்படாத இடத்தில் வெற்றி என்பது யாது என்ற வினாவுக்கு நாம் மலையகத்தை நோக்கவேண்டும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றோராக்கியது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை இப்பிரச்சினை முற்றாகத் தீரவில்லை. 1945இன் இலவசக் கல்வி தோட்டப் பாடசாலைகளை உரியவாறு எட்டவில்லை. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான். லயத்தில் பிறந்தவனுக்குத் தெரிந்த உயர்ச்சி கங்காணிக்கும் கணக்கப்பிள்ளைக்கும் மேல் போவதில்லை. அவையும் தன்னவரைக் கண்காணிக்கும் பதவிகள்.

இப்பின்னணியில் என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ சிறுகதை மறுவாசிப்புக்குரியது. 1980இல் வெளியான அவரது தொகுதிக்கும் இதுவே பெயர். இளம் பெண்ணொருத்தி மற்றவர்களைவிட மிகுதியாகக் கொழுந்து பறிக்கிறாள். அது பாராட்டுக்கன்று, சந்தேகத்துக்கே காரணமாகிறது: நிறுத்துக் கணக்கெழுதுபவன் அவளுக்குச் சலுகை காட்டியிருக்க வேண்டும் என்பது பேச்சு. அவள் தன் கைத்திறனை மறுபடி நிரூபிக்க வேண்டியவளாகிறாள், நிரூபிக்கிறாள். இங்கு எவரும் எங்கும் உயர்வதில்லை. அவள் கணக்கப்பிள்ளையாவதில்லை, தோட்டத்தை விட்டுப் போவதுமில்லை. அவள் கோருவது ஒன்றே: தான் பறித்தது தன் பெயரில் எழுதப்படவேண்டும் என்பது. செய்யும் வேலையை விட்டு நீங்குவதையே வெற்றியெனக் கருதும் யாழ்ப்பாண மனம், செய்யும் வேலையிலேயே தன்மானத்தை நாட்டும் இக்கதையை ‘மலையக மண்வாசனை’ என்ற தலைப்பின்கீழ் அன்போடு வைத்துவிட்டு நகர்ந்தது. அக்கதையிலுள்ள தராசு எவருடையது, அதிகப்படியாகப் பறித்த றாத்தல்களின் பயன் யாரைச் சென்றடைந்தது என்ற வினாக்களை ஆசிரியர் வெளிப்படையாக எழுப்பவில்லை. அவற்றை எழுப்பியிருக்க வேண்டியவர்கள் விமரிசகர்கள். அவளோ மறுநாட் காலையும் பிரட்டுக்குப் போகவேண்டும். அதே மலையில் நிரை பிடிக்கவேண்டும். அதே தராசின் முன் கூடையை இறக்கவேண்டும்.